முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்: தமிழ்த் திரை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் திரை விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும், யூடியூபில் விமர்சனம் பேசுகிறவர்களுக்கும்,

அமெரிக்கத் திகில் படமான 'டெரிஃபையர் 3' பற்றி நீங்கள் சொன்னவற்றைப் படித்தும் கேட்டும் வந்தேன். பொறுத்துப் போகலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. நான் சென்னையில் சினிமாவுக்கு ப்ராஸ்தெட்டிக் மேக்கப் செய்கிறவள். வெட்டுக்காயம், தீக்காயம், அறுந்த கை, அழுகிய முகம் இவற்றைச் செய்துகொடுப்பது என் பிழைப்பு. இந்தப் படத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் இதை நீங்கள் பேசிய விதம் என் தொழிலையும், இந்த வகைப் படங்களை விரும்பிப் பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களையும் சேர்த்தே பேசிய விதம்.

என்னை எழுதவைத்தது ஒரு காணொளி. யாருடையது என்று சொல்லப்போவதில்லை, ஒருவரைக் குறிவைப்பது என் நோக்கமல்ல. முதல் கால்மணி நேரத்துக்கு மேல் தன்னால் பார்க்க முடியவில்லை என்று அவரே தொடக்கத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, பார்க்காத மீதிப் படத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு கொடுத்தார். எடுத்தவனுக்கும் மனநோய், ரசித்துப் பார்க்கிறவனுக்கும் மனநோய் என்று முடித்தார். என் உறவினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே அது வந்து விழுந்தது. அதன்பின் தேடித்தேடிப் படித்தேன். எழுத்தில் வந்தவையும் பெரும்பாலும் அப்படியே: வெளிநாட்டில் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள், எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று பாதி. மீதிப் பாதி கதைச் சுருக்கம். காட்சி எப்படிக் கட்டப்பட்டது, யார் செய்தார்கள், முந்தைய இரண்டு பாகங்களிலிருந்து இது எங்கே வளர்ந்தது, எங்கே தேய்ந்தது என்று ஒரு வாக்கியம்கூட இல்லை.

படம் உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கே முழுதாகப் பிடிக்கவில்லை. எங்கே பிடிக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தொடரை இயக்கும் டேமியன் லியோன் எங்கள் தொழிலிலிருந்து வந்தவர். இந்தப் படங்களில் கொலைகாரனாக வரும் ஆர்ட் என்ற கோமாளியை 2008இல் ஒரு குறும்படத்தில் முதலில் கொண்டுவந்தார். 2011இல் இன்னொரு குறும்படம், 2013இல் ஒரு தொகுப்புப் படம் என்று அந்த உருவத்தை விடாமல் சுமந்து, 2016இல்தான் 'டெரிஃபையர்' என்ற முதல் முழுநீளப் படத்துக்கு வந்து சேர்ந்தார். எழுத்து, இயக்கம், எடிட்டிங், காயங்களின் மேக்கப் எல்லாம் அவர் கைதான். இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்களிடம் இணையத்தில் 50,000 டாலர் கேட்டார்கள். கேட்டதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வந்தது. சுமார் இரண்டரை லட்சம் டாலரில் எடுத்து 2022 அக்டோபரில் வெளியிட்ட அந்தப் படம் ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. மூன்றாம் பாகம் 2024 அக்டோபர் 11இல் அமெரிக்காவில் தணிக்கைத் தரமே வாங்காமல் வெளிவந்தது. செலவு சுமார் 20 லட்சம் டாலர். முதல் வார இறுதியிலேயே ஏறத்தாழ 1.9 கோடி டாலர் வசூலித்து, இதன் செலவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு செலவில் எடுக்கப்பட்ட ஜோக்கர் இரண்டாம் பாகத்தைக் கீழே தள்ளி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஸ்டூடியோ ஆதரவு இல்லாத ஒரு மேக்கப் கலைஞர் பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே உருவத்தைச் செதுக்கிச் செதுக்கி இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். நல்ல படமோ கெட்ட படமோ, ஒரு விமர்சகருக்கு இதில் பேச விஷயமே இல்லையா?

இரண்டாம் பாகத்தில் ஒரு படுக்கையறைக் காட்சி உண்டு. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு நான் விவரிக்கப்போவதில்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. காயம் சரியாக அமையவில்லை என்றால் கேமராமேனிடம் போய், "அண்ணே, லைட்டைக் கொஞ்சம் குறைங்க" என்று கெஞ்சுவோம். இருட்டும் வேகமான எடிட்டிங்கும் எங்கள் குறைகளை மூடிவிடும். லியோன் அந்தக் காட்சியில் அப்படி மூடவில்லை. வெளிச்சத்தில் வைத்துக் காட்டுகிறார். ஷாட்டை நிறுத்தி வைக்கிறார். போலித் தோலாக ஒட்டும் சிலிகோனின் ஓரம் நிஜத் தோலோடு சேரும் இடம் தெரிந்துவிட்டால் மொத்தமும் பொம்மையாகிவிடும். அது தெரியாமல் பார்த்துக்கொள்ளப் பட்டிருக்கும் பாடு எனக்குத் தெரிகிறது. நடிகரின் உடம்பு எங்கே முடிகிறது, செய்த உடம்பு எங்கே தொடங்குகிறது என்பதை நான் ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்த்தேன். சில இடங்களில் கண்டுபிடித்தேன். சில இடங்களில் இன்றுவரை முடியவில்லை.

அதே காட்சியில் அந்தக் கோமாளியாக நடித்த டேவிட் ஹோவர்ட் தார்ன்டனின் முகம் இருக்கிறது. ஒரு வார்த்தை பேசாத பாத்திரம். பழைய மௌனப் பட நகைச்சுவை நடிகர்களின் உடல்மொழியை எடுத்துக் கொலைகாரனிடம் கொடுத்திருக்கிறார். வாயைப் பிளந்து சத்தமில்லாமல் சிரிக்கிறான், கண்ணீரைத் துடைப்பதுபோல் பாவனை செய்கிறான், நம்மைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். நமக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. வந்த மறுநொடி கூசுகிறது. அந்தக் கூச்சத்தைப் பார்வையாளரிடம் விட்டுவிட்டுப் படம் நகர்கிறதா, இல்லை அவனோடு சேர்ந்து படமும் சிரிக்கிறதா? இந்தத் தொடரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். மூன்று பாகங்களையும் பார்த்த எனக்கே இதற்கு ஒரே பதில் இல்லை. இரண்டாம் பாகத்தில் பல இடங்களில் படம் அவனிடமிருந்து விலகி நிற்கிறது. மூன்றாம் பாகத்தில் அவனுக்குக் கைதட்டு வாங்கித் தருவதிலேயே குறியாக இருக்கிறது. இதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

உங்களில் சிலர், இதெல்லாம் விமர்சனத்துக்குத் தகுதியான படமே இல்லை என்கிறீர்கள். 1978இல் ஜார்ஜ் ரொமெரோ எடுத்த 'டான் ஆஃப் த டெட்' அமெரிக்காவில் வெளியானபோதும் இதேதான் நடந்தது. அதுவும் ஒரு இரண்டாம் பாகம். அதிலும் குடலும் ரத்தமும்தான். நியூயார்க் டைம்ஸில் எழுதிய ஜேனட் மாஸ்லின் முதல் கால்மணி நேரத்திலேயே எழுந்து வந்துவிட்டதாகத் தன் விமர்சனத்திலேயே எழுதினார். அதே படத்துக்கு இன்னொரு அமெரிக்க விமர்சகரான ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார், அதுதான் அவரிடம் உச்சம். படம் எவ்வளவு அருவருப்பானது, எவ்வளவு குமட்டக்கூடியது என்பதை அவர் மறைக்கவில்லை. அடுக்கடுக்காகச் சொன்னார். அதோடு, அந்த ரத்தத்துக்குள் நுகர்வு மோகத்தைப் பற்றி அந்தப் படம் சொல்லும் சங்கதியையும் பிடித்தார். இன்று அந்தப் படத்தைப் பற்றி எழுதும் எவரும் ஈபர்ட் சொன்னதைத் தாண்டிப் போக முடிவதில்லை. எழுந்து போவது மாஸ்லினின் உரிமை. எத்தனை நிமிடத்தில் எழுந்தேன் என்று வாசகரிடம் சொன்ன நேர்மையும் அவரிடம் இருந்தது. ஆனால் பார்க்காத பகுதிக்கும் தீர்ப்பு எழுதும் உரிமை யாருக்கும் கிடையாது.

பார்க்காமல் தீர்ப்பு சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இந்த வகைப் படங்களின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 2007இல் 'ஹாஸ்டல்' இரண்டாம் பாகத்தைக் கண்டித்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே ஒரு உறுப்பினர் பேசினார். ஒரு குற்றவியல் சட்ட மசோதா விவாதத்தில் அதை ஆதாரமாகக் காட்டினார். அந்தப் படத்தைத் தான் பார்க்கவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். சட்டம் இயற்றும் இடத்தில்கூட ரத்தம் என்றால் பார்க்காமலே பேசலாம் என்ற துணிவு வந்துவிடுகிறது. விமர்சகர்கள் அந்த வரிசையில் நிற்கக்கூடாது என்பதால்தான் சொல்கிறேன்.

வாந்திச் செய்திகளுக்கு வருகிறேன். 1970இல் வந்த 'மார்க் ஆஃப் த டெவில்' படத்தை அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் டிக்கெட்டோடு வாந்திப் பையும் கொடுத்தார்கள். விளம்பர உத்தி. 'டெரிஃபையர்' இரண்டாம் பாகத்தின்போது மயக்கம், வாந்தி என்று செய்திகள் பரவப் பரவ, சில நாட்களுக்கென்று திரையிட்ட படம் வாரக்கணக்கில் நீண்டது. மூன்றாம் பாகத்துக்கு லண்டனில் சிறப்புக் காட்சி நடந்தபோதும் எழுந்து போனவர்களின் கணக்கு செய்தியானது. இதை நீங்கள் தலைப்பிலும் தம்நெயிலிலும் போடும்போது, படத்தைக் கண்டிப்பதாக நினைத்துக்கொண்டே அதற்குச் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். பதினாறு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேறென்ன வேண்டும்? என் அக்கா மகன் இந்தப் படத்தின் பெயரையே அப்படி ஒரு தம்நெயிலில்தான் தெரிந்துகொண்டான். அவனுக்கு அந்தக் காணொளி சொல்லியிருக்க வேண்டியது, இது பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான படமே அல்ல, தொடக்கக் காட்சியிலேயே ஒரு வீட்டில் குழந்தைகளும் கொல்லப்படுகிறார்கள் என்பதை. பிரான்ஸில் இந்தப் படத்தைப் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் பார்க்கத் தடை விதித்தார்கள். அங்கே திகில் படங்களுக்கு இந்தத் தடை வருவது அபூர்வம். 2006இல் வந்த 'சா' மூன்றாம் பாகத்துக்குப் பிறகு இதற்குத்தான். அந்தத் தகவலைக்கூட நம் ஆட்கள் "பிரான்ஸே பயந்த படம்" என்ற தொனியில்தான் சொன்னார்கள். எதனால் அந்தத் தடை, எந்த மாதிரிக் காட்சிகள் என்று ஒருவர் விளக்கியிருந்தால் ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ உதவியிருக்கும்.

எனக்கு அதிகம் வலிக்கும் இடம் வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நாயகரின் படத்தில் வேலை செய்தேன். ஊர்த் திருவிழாவில் நடக்கும் வெட்டுக்குத்துக் காட்சி. அறுந்த தலை ஒன்று, மணிக்கட்டோடு துண்டான கைகள், முதுகில் நீளமாகப் பிளந்த காயங்கள் என்று எங்கள் யூனிட் இரவு பகலாகச் செய்தது. ரத்தம் குடம் குடமாகக் கலக்கினோம். சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், துளி நீலம், கருஞ்சிவப்பு வர வேண்டுமானால் கொஞ்சம் காபித்தூள். வெயிலில் அது பிசுபிசுக்கும். எறும்பும் ஈயும் மொய்க்கும். அதற்குள் படுத்துக்கிடந்த ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளின் பொறுமையை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. படம் வந்தது. உங்களில் பலர் அந்தக் காட்சியைத்தான் படத்தின் உயிர் என்றீர்கள். வெறித்தனம் என்றீர்கள், தியேட்டர் அதிருது என்றீர்கள். குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம் என்றும் சிலர் சொன்னீர்கள்.

அதையடுத்து ஒரு சின்ன திகில் படம் செய்தேன். புது இயக்குநர், கையில் காசு இல்லை. பழைய அச்சுகளையே மீண்டும் பயன்படுத்தினோம். ரத்தம் அதே கலவை. கையில் ஆழமாகக் காயம்பட்ட ஒரு பெண் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கும் காட்சி அது. தடய மருத்துவப் பாடநூலில் படங்களைப் பார்த்துப் பார்த்து, நேரம் போகப் போகக் காயத்தின் நிறம் எப்படி மாறும், விளிம்பு எப்படி வீங்கும் என்று கட்டம் கட்டமாகச் செய்தேன். என் வேலையில் நான் பெருமைப்படும் வேலை அது. அந்தப் படத்துக்கு நீங்கள் எழுதியது: தேவையற்ற வன்முறை, குமட்டுகிறது, இயக்குநர் யாரைத் திருப்திப்படுத்த இப்படிச் செய்தார்.

இரண்டிலும் ஓடியது ஒரே ரத்தம்தான். பெரிய படத்தில் வெட்டுப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. அவன் இரண்டாவது முறை கத்துவதற்குள் கேமரா நாயகனின் நடைக்குப் போய்விடுகிறது. விழுந்தவனுக்கு வீடு இருக்கிறதா, பிள்ளை இருக்கிறதா என்று படம் கேட்கவே கேட்காது. சின்ன படத்தில் கேமரா அந்தப் பெண்ணோடேயே இருந்தது. அவள் வலி முடியும்வரை நம்மை நகர விடவில்லை. வலியை வலியாகக் காட்டியதுதான் உங்களுக்குக் குமட்டியது. வலியே இல்லாதது மாதிரி உடம்புகளைச் சரித்துக் காட்டியது உங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. இரண்டில் எது பார்ப்பவர் மனதை மரத்துப்போகச் செய்யும் என்று நீங்கள் ஒருமுறையாவது யோசித்து எழுதியிருக்கிறீர்களா? அரிவாள் காட்சிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில்தான் எனக்குச் சோறு. ஒரே அளவுகோலை வையுங்கள் என்கிறேன். 'டெரிஃபையர் 3' எடுத்தவருக்கு மனநோய் என்று சொன்ன அந்த அன்பரின் பழைய காணொளிகளைப் பார்த்தேன். தலை பறக்கும் காட்சி ஒன்றுக்கு அவர் நாற்காலியில் எழுந்து நின்று விசிலடித்துக் காட்டியிருந்தார்.

அந்த வெட்டுக்குத்துப் படத்துக்கு மக்கள் குழந்தைகளோடு வந்ததை நானே தியேட்டரில் பார்த்தேன். 'ஏ' சான்றிதழ் பெற்ற படம். எனக்கு முன்வரிசையில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அப்பாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டே முழுப் படத்தையும் கடந்தது. வாசலில் யாரும் தடுக்கவில்லை. நான் செய்த தலைதான் திரையில் உருண்டது, எனக்கு உட்கார முடியவில்லை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம், எந்தப் படத்துக்கு எது கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் சொல்கிறீர்கள்? ஜனங்கள் சான்றிதழைப் பார்த்து டிக்கெட் எடுப்பதில்லை, உங்கள் பேச்சைக் கேட்டு எடுக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு இந்த மடல்.

மூன்றாம் பாகத்தில் எனக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன் என்றேன். இரண்டாம் பாகத்தில் சியன்னா என்ற பெண் பாத்திரம் வந்தாள். லாரன் லவேரா நடித்திருந்தார். இறந்துபோன அப்பா வரைந்து வைத்த ஓவியத்தைப் பார்த்து, சிறகு வைத்த ஒரு போர்வீராங்கனை உடையைத் தானே தைத்துக்கொள்கிறாள். அந்த ஒரு சங்கதி போதும், முதல் பாகத்தில் இல்லாத ஒரு மனம் இரண்டாம் பாகத்துக்கு வந்துவிட்டது. முதல் பாகத்தில் ஒரு பெண்ணைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செய்யும் கொலை பெண் வெறுப்பாக இருக்கிறது என்று அமெரிக்காவிலேயே பலர் எழுதினார்கள். எனக்கும் அந்தக் கருத்துதான். அதற்கு ஒரு பதிலாகத்தான் சியன்னாவை நான் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பதினெட்டு நிமிடம் ஓடும் படத்தில் அரை மணி நேரத்தை வெட்டியிருக்கலாம், ஆனாலும் அவளுக்காக உட்கார்ந்தேன். மூன்றாம் பாகத்தில் அவளுக்கு வேலை குறைவு. பெரும்பகுதி அவள் அஞ்சிக்கொண்டிருக்கிறாள், கோமாளி வேறெங்கோ யாரையோ கொன்றுகொண்டிருக்கிறான். கொல்லப்படுகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும் முன்பே முடித்துவிடுகிறான். கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் அவன் வரும் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரே யோசனையை எத்தனை தூரம் இழுப்பது? கடைசியில் அடுத்த பாகத்துக்கு வழி வைத்துவிட்டு நிற்கிறது, முடிவே இல்லை. இது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம். மறுப்பதற்காகவாவது படத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கைவேலையில் மட்டும் மூன்றாம் பாகம் முந்தையவற்றைத் தாண்டிவிட்டது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் டின்ஸ்லி. 'த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' படத்தின் மேக்கப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். கசையடியில் கிழிந்த அந்த உடம்பைப் பார்த்து உலகமெங்கும் தேவாலயங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். யாரும் அதைச் செய்தவருக்கு மனநோய் என்று சொல்லவில்லை. சிறு வேடத்தில் டாம் சவீனியும் வருகிறார். வியட்நாம் போரில் புகைப்படக்காரராக இருந்து, அங்கே கண்ட உடல்களின் நினைவோடு வந்து, 'டான் ஆஃப் த டெட்' படத்துக்குக் காயங்களைச் செய்தவர் அவர். எங்களைப் போன்றவர்களுக்கு ஆசான் மாதிரி. அவரைத் திரையில் ஒரு நிமிடம் நிறுத்தியதன் மூலம் லியோன் யாருக்கு வணக்கம் வைக்கிறார் என்பதை ஒரு தமிழ் விமர்சனமாவது சொல்லும் என்று எதிர்பார்த்தேன். அதே 2024இல் வந்த 'த சப்ஸ்டன்ஸ்' படத்திலும் உடம்பு பிளக்கிறது, உருகுகிறது, அரங்கமே நனையும் அளவுக்கு ரத்தம் பீய்ச்சுகிறது. 2025இல் மேக்கப்புக்கான ஆஸ்கர் அதற்குத்தான். கான் விழாவில் திரைக்கதை விருது வாங்கிய படம் என்பதால் அதன் ரத்தத்தை நீங்கள் உருவகம் என்று எழுதினீர்கள். இரண்டும் சமமான படங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 'த சப்ஸ்டன்ஸ்' பெரிய படம். ஆனால் அதற்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது கொடுத்திருந்தால்தானே எது பெரிது, எது சிறிது என்று சொல்லும் தகுதி வரும்?

மனநோய் என்ற பேச்சை ஒரு வார்த்தையில் விட்டுவிட முடியாது. எனக்கு மிக நெருங்கிய ஒருவர் பல வருடமாக மனநலச் சிகிச்சையில் இருக்கிறார். மாத்திரை, மருத்துவர், வேலை, வீடு என்று ஒவ்வொரு நாளையும் பாடுபட்டுக் கடக்கிறார். அவர் திகில் படம் பார்ப்பதில்லை, அவருக்குப் பிடித்தது பழைய நகைச்சுவைப் படங்கள். நோயைத் திட்டாகப் பயன்படுத்தும்போது அந்தத் திட்டு யார்மேல் போய் விழுகிறது என்று யோசியுங்கள். திகில் படம் பார்க்கிறவர்களையும் நான் அறிவேன். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வரும் செவிலியர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் தம்பதி, கல்லூரிப் பிள்ளைகள். பயத்தைத் தெரிந்தே ஒரு இருட்டு அறைக்குள் போய்ச் சந்தித்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். உங்களுக்கு அந்த ருசி இல்லாமல் இருக்கலாம். அதற்காக அவர்களை நோயாளிகள் என்று அழைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

படத்தை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்க முடியவில்லை என்றால் அதில் வெட்கமில்லை. எத்தனை நிமிடம் பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, பார்த்த அளவுக்கு மட்டும் பேசுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். தொடர் படமானால் முந்தைய பாகங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். அது இல்லாமல் மூன்றாம் பாகத்தை எடைபோட முடியாது.

என்ன வகை வன்முறை இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "செம கோரம்" என்பதால் யாருக்கும் பயனில்லை. குழந்தைகள் கொல்லப்படுகிறார்களா, பாலியல் வன்முறை இருக்கிறதா, விலங்குகளுக்கு ஏதும் நேர்கிறதா, சித்திரவதை நீளமாகக் காட்டப்படுகிறதா என்று கதையைக் கெடுக்காமலே சொல்லலாம். இதில் ஏதாவது ஒன்றைத் தாங்க முடியாதவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். சான்றிதழ் என்ன, அது எந்த வயதுக்கு என்பதைக் காணொளியின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். நாயகர் யாராக இருந்தாலும், 'ஏ' படத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகாதீர்கள் என்று துணிந்து சொல்லுங்கள்.

வாந்தி, மயக்கம் என்ற செய்திகளைத் தலைப்பிலிருந்தும் தம்நெயிலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பார்வையாளரின் மனநிலைக்குச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்துங்கள். மனநோய் என்று பேசிய அந்தக் காணொளிகளிலிருந்து அந்தப் பகுதியை வெட்டிவிடும்படியும் கேட்கிறேன். எடிட் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

நட்சத்திரப் படத்தின் வெட்டுக்கும் திகில் படத்தின் வெட்டுக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். யாருடைய வலி காட்டப்படுகிறது, யாருடையது மறைக்கப்படுகிறது, எதற்காக என்று கேளுங்கள். கேட்டுவிட்டு இரண்டையும் திட்டினாலும் எனக்குச் சம்மதம்.

நான்காம் பாகம் எடுக்கப்போவதாக லியோன் அறிவித்திருக்கிறார். அதற்கு முன்பே இங்கே தமிழிலும் ரத்தம் தோய்ந்த திகில் படங்கள் வரும். அவற்றில் சிலவற்றில் எங்கள் யூனிட்டும் இருக்கலாம். அப்போது இசைக்கு ஒரு பத்தி, ஒளிப்பதிவுக்கு ஒரு வரி என்று எழுதும் இடத்தில் ஸ்பெஷல் மேக்கப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். காயம் பொம்மைபோல் இருந்தால் பொம்மைபோல் இருக்கிறது என்றே எழுதுங்கள், நன்றாக இருந்தால் எதனால் நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டிலும் அதைச் செய்தவரின் பெயரைப் போடுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் படத்தின் முடிவில் ஓடும் டைட்டில் வரை உட்காருங்கள், அல்லது தயாரிப்புத் தரப்பில் கேளுங்கள்.